தென்னை மரம் திவாலான வழக்கு

பெரியநாயகி ஒன்றுமில்லாதவள்; வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்பின் கோர்ட்டுச் செலவைக் கட்ட அவளுக்கு வக்கில்லை; ஆகவே முன்கூட்டியே ஒரு தொகையைக் கோர்ட்டில் வைத்துவிட்டுத்தான் அவள் மேற்கொண்டு வாய் திறக்க வேண்டும் என்று ஆரிஃப் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தாளைச் சின்னத்தம்பி நியாலாஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தது அவர் செய்த முதல் தப்பு. பக்கத்திலேயே மூக்குக்கண்ணாடியையும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது இரண்டாவது.

திரும்பி வந்தபோது கண்ணாடி பெரியநாயகியின் மூக்கில் இருந்தது.

"ஏங்க, இதுல என் பேரப் போட்டு 'தியாடா ஹர்த்தா'ன்னு எழுதியிருக்கு. எனக்குச் சொத்து இல்லன்னு சொல்ல இவன் யாரு? என் பீரோவ வந்து தொறந்து பாத்தானா?"

"அது நீ இல்ல நாயகி. கம்பெனியச் சொல்றான்."

"கம்பெனிக்கு யாரு என் பேர வச்சது?"

"ஆசையா வச்சேன்."

"ஆசையா வச்சதுக்குத்தான் இப்ப கோர்ட்டு வரைக்கும் நாறுது. உங்க பேர வச்சிருக்கலாம்ல? உங்களுக்குச் சொத்து இல்லன்னா ஊர்ல யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க."

சின்னத்தம்பி துண்டால் தலையைத் துவட்டும் சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார். ஊரையே கிண்டல் செய்கிறவருக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

பெரியநாயகி டிரான்ஸ்போர்ட் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட், என்பது இரண்டு லாரியும் ஒரு முற்றமும். முதலாளி, டிரைவர், கிளீனர், டயர் மாற்றுகிறவர் எல்லாம் சின்னத்தம்பியே. பழைய லாரி செம்பனைப் பழம் ஏற்றும். அதுதான் இப்போது வீட்டுக்குச் சோறு போடுகிறது. புதியது ஃப்ரீசர் லாரி. அது சோறு தின்கிறது. மாதம் பிறந்தால் பேங்குக்குத் தவணை கட்ட வேண்டும், ஓட்டமோ கிடையாது. கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று கொட்டகைக்குள் நிற்கிறது.

அதை வாங்கச் சொன்னவர் ஜமாலுதீன் பாய். குருபோங்கில் கோல்ட் ஸ்டோர் வைத்து மலாக்காவில் பாதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மீனும் ஆட்டிறைச்சியும் கொடுத்தவர். இரண்டு பேருக்கும் வாலிபத்திலிருந்து பழக்கம். அவர்களுக்குள் கையெழுத்து என்று ஒன்று இருந்ததே இல்லை. போன் வருவதற்கு முன்னால் நேரில் பேசினார்கள். போன் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பிக்கொண்டார்கள். "லாரிய எடு சின்னா, அஞ்சு வருஷத்துக்குக் கிள்ளான் துறைமுகத்து ஓட்டம் உனக்குத்தான்" என்று பாய் சொன்னதும் அப்படித்தான். இவர் எடுத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டம் நன்றாக இருந்தது. பாய் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்துகொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மகன் ஆரிஃப் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது: ஓட்டம் ரத்து. அதற்குத்தான் இந்த வழக்கு.

மறுநாள் மலாக்காராயாவில் வக்கீல் தேவிஸ்ரீயின் ஆபீசில் சின்னத்தம்பி அந்தத் தாளைக் கொடுத்தார். பெரியநாயகியின் விரல் அழுத்திய இடமெல்லாம் அது மடிந்திருந்தது.

"இதுக்குப் பேரு செக்யூரிட்டி ஃபார் காஸ்ட்ஸ், அங்கிள்," என்றாள் தேவிஸ்ரீ. "நொடிஞ்ச கம்பெனி ஒண்ணு கேஸ் போட்டா, நாளைக்கு அது தோத்துச்சுன்னா நம்ம செலவ யாரு குடுப்பாங்கன்னு எதிராளி கேக்கலாம். கோர்ட்டு சரின்னு சொன்னா நாம முன்னாடியே பணத்தக் கட்டி வைக்கணும். கட்டாத வரைக்கும் கேஸ் நகராது."

"அவன் ஓட்டத்த நிறுத்துனதாலதானம்மா நான் நொடிஞ்சேன்? என் காலையும் ஒடச்சிட்டு, ஓடிக் காட்டுன்னு சொன்னா எப்படி?"

"அதத்தான் நாமளும் சொல்லப் போறோம். ஆனா ரொம்ப ஒடஞ்சுட்டோம்னும் சொல்லக்கூடாது. அப்புறம் கட்டுன்னு சொல்லிடுவாங்க."

"அப்ப நான் ஏழையா, பணக்காரனா?"

தேவிஸ்ரீ யோசித்தாள். "ரெண்டும்தான்."

"பழக்கம்தான். பொண்ணு கேக்கப் போறப்ப பணக்காரன், மொய் எழுதறப்ப ஏழை."

அவள் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஆரிஃபின் ஆள் யாரோ வேலிக்கு வெளியிலிருந்து எடுத்த போட்டோ. சின்னத்தம்பியின் முற்றம், பழைய லாரி, கொட்டகை ஓரமாக நீலக் கன்வாஸ் போர்த்திய ஒரு குவியல். கீழே மலாயில் ஒரு வரி: கடன் லாரி போக, இந்தக் கம்பெனியிடம் இருப்பது ஓர் ஓட்டை வண்டியும் ஒரு குவியல் பழைய இரும்பும்தான்.

"இந்தக் குவியல் என்ன அங்கிள்? விலை போகுமா? போகும்னா நமக்கு நல்லது."

"அது என் சாமான் இல்லம்மா. பாய் வைக்கச் சொன்னது."

"என்ன சாமான்?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அவருதான் இப்ப இல்லையே."

"அவரு இல்ல. நான் இருக்கேன்ல? சரின்னு சொன்னது நான்தான?"

"உங்களுது இல்லன்னா அது நமக்கு ஆகாது, விடுங்க." அவள் குவியலை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "பாய் அஞ்சு வருஷம்னு சொன்ன வாய்ஸ் மெசேஜ் வேணும். அது இருந்தாத்தான் கேஸ். எங்க?"

சின்னத்தம்பி கூரையைப் பார்த்தார். அவருடைய போனில் அது இல்லை. ஒரு நாள் போன் 'இடமில்லை' என்று நின்றுவிட்டது. எதையாவது அழித்தால்தான் வேலை செய்யும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். உள்ளே திறந்து பார்த்தால் ஒரு பக்கம் பாயின் குரல்கள். மறு பக்கம், தினம் விடிந்தால் உறவுக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்கள். மயிலோடு முருகன், எலியோடு பிள்ளையார், தாமரையில் மகாலட்சுமி, வாரத்துக்கு ஒரு தடவை பத்துமலை. சாமி படத்தை யாராவது அழிப்பார்களா? கை வருமா? பேசித் தீர்ந்த பேச்சுத்தானே என்று பாயை அழித்தார்.

"அங்கிள், நெஜமாவா? கான்ட்ராக்ட அழிச்சிட்டு முருகன வச்சிருக்கீங்களா?"

"கான்ட்ராக்ட்டுன்னு அப்ப தெரியலம்மா. முருகன் முருகன்தான்னு அப்பவே தெரியும்."

தேவிஸ்ரீ நெற்றியைத் தேய்த்தாள். பிறகு, ஒரு பேச்சுக்கு இரண்டு போன் உண்டல்லவா என்றாள். பாயின் போன் ஆரிஃபிடம் இருக்கும். தன் கையில் இருக்கும் ஆவணம் தனக்கு எதிராக இருந்தாலும் அதைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். அவன் மறைத்தால், இன்ன தேதியில் இன்ன பேச்சு என்று சொல்லிக் கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம்.

"அந்தப் பேச்சு நடந்த நாள் ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதனால்தான் சின்னத்தம்பி சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அஞ்சு வருஷம்னு சொன்ன அந்த ஒரு துண்ட மட்டும் கேட்டு வாங்க முடியாதாம்மா?"

"முடியாது. முன்ன பின்ன என்ன பேசுனீங்கன்னு எல்லாமே வரும். ஏன்? அதுல என்ன இருக்கு?"

சொன்னார். ஆரிஃப் அப்போது கிளேபாங் கடற்கரை ரோட்டில் தேங்காய் ஷேக் கடை போட்டிருந்தான். அந்த ரோட்டில் ஏற்கெனவே தடுக்கி விழுந்தால் தேங்காய் ஷேக் கடை. அத்தாவின் கோல்ட் ஸ்டோரில் உட்காராமல் தன் காலில் நிற்கிறேன் என்று போனவன், சில மாதங்களிலேயே கடையை மூட வேண்டியதாயிற்று. பாய் அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, ஆறுதல் சொல்லத் தெரியாத சின்னத்தம்பி தனக்குத் தெரிந்ததைச் செய்தார். "உங்க பையன் தேங்கா கடை வச்சா தென்ன மரமே திவாலாயிடும் பாய்!"

தேவிஸ்ரீ சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆரிஃப் அதக் கேட்டிருப்பாரோ?"

"கேட்டிருப்பான்மா. பாய் ஜனாஸாவுல, அடக்கம் பண்றப்பக்கூட, என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. சின்ன வயசுலேருந்து சின்னா மாமான்னு கூப்பிட்ட பையன், கடுதாசியில யாரோ அன்னியனுக்கு எழுதற மாதிரி 'துவான்'னு போட்டிருந்தான்." கைக்குட்டையை எடுத்துக் காரணமில்லாமல் காதைத் துடைத்தார். "லாயரம்மா, அந்தப் பேச்சு வெளிய வரலன்னா லாரி போச்சு. வந்தா மானம் போச்சு. எனக்கு மானம் எப்பவும் கொஞ்சம்தான், போகட்டும். அந்தப் பையன் நாலு பேருக்கு முன்னாடி அத மறுபடி கேக்கணுமே. அதான் யோசிக்கிறேன்."

அவள் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தாள். கொட்டகையில் நிற்கும் வெள்ளை லாரியையும், பெரியநாயகி ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்து கட்டும் தவணையையும் நினைத்துக்கொண்டு அவர் தேதியைச் சொன்னார்.

ஆயர் குரோ கோர்ட்டில் பதிவாளர் இரண்டு மனுவையும் ஒரே காலையில் கேட்டார். ஆரிஃபின் வக்கீல் ஒரு சீன இளைஞர், நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் காப்பி குடித்தீர்களா என்று கேட்பவர். போனில் இருப்பது இறந்தவரின் சொந்தப் பேச்சு, கம்பெனி ஆவணம் அல்ல என்று வாதாடினார். வியாபாரத்தையே அந்தச் சொந்தப் பேச்சில்தான் நடத்தினார்கள் என்றாள் தேவிஸ்ரீ. பதிவாளர் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு வலியைப் பங்கிட்டுக் கொடுத்தார். அந்த மாதத்துப் பேச்சு முழுவதையும் ஆரிஃப் காட்ட வேண்டும். சின்னத்தம்பியின் கம்பெனி இருபத்தையாயிரம் ரிங்கிட்டை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், அதுவரை வழக்கு நிற்கும்.

வெளியே வந்து காரில் ஏறும் வரை சின்னத்தம்பி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. தேவிஸ்ரீ பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

பணத்துக்கு ஒரே வழி, பழைய லாரியை விற்பது. நிற்கிற லாரியைக் காப்பாற்ற ஓடுகிற லாரியை விற்கிற புத்திசாலி நாட்டிலேயே தான் ஒருவன்தான் இருப்பான் என்று பெரியநாயகியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, இட்டலித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே, "வித்துட்டு எதுல பழம் ஏத்துவீங்க? என் தலையிலயா?" என்றாள். ஜாசினிலிருந்து முனியாண்டி என்கிற வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது.

அதற்கு முந்தின வெள்ளியன்று, சீன வக்கீலின் ஆபீசில், நீளமான மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் சின்னத்தம்பியும் தேவிஸ்ரீயும். எதிரில் ஆரிஃபும் வக்கீலும். மேசையின் கோடியில் கலைமகள் என்கிற மொழிபெயர்ப்பாளர் கம்ப்யூட்டரோடு. தமிழ்ப் பேச்சைக் கோர்ட்டுக்காக மலாயில் தட்டுவது அவர் வேலை. ஆரிஃப் ஒரு துணிப்பையிலிருந்து அத்தாவின் போனை எடுத்து வைத்தான். உறை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்ட அதே போன். அதைப் பார்த்ததும் சின்னத்தம்பிக்கு, பாய் பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று தோன்றியது.

வக்கீல் பொத்தானை அழுத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்… ஓ, சின்னாவா? வணக்கம் வணக்கம். சாப்ட்டியா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கலைமகள் மட்டும் 'சுடா மாக்கான்' என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னா, அந்த ஃப்ரீசர் லாரிய எடுத்துடு. லோனப் பத்தி யோசிக்காத. அஞ்சு வருஷத்துக்குக் கிள்ளான் ஓட்டம் உனக்குத்தான். நான் சொல்றேன்ல?"

தேவிஸ்ரீ மேசைக்கடியில் கையை இறுக்கினாள். அடுத்தது சின்னத்தம்பியின் குரல்: "எழுத்தெல்லாம் எதுக்கு பாய், உங்க வாய் போதும். எழுதுனாத்தான் சண்டையே வருது." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னத்தம்பி தன் குரலை வெளியிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு பெரிய முட்டாள் இவ்வளவு தன்னம்பிக்கையோடு பேசுவானா என்று ஆச்சரியமாக இருந்தது.

அடுத்தது பாய்: "ஆரிஃபு கடைய மூடுறான்யா. மனசு கேக்கல."

பிறகு தென்னை மரம் திவாலாயிற்று.

பிறகு பாயின் சிரிப்பு. அது சாதாரணச் சிரிப்பு அல்ல. மூச்சு முட்டி, இருமி, மேசையைத் தட்டி, "அடேய்… அடேய்…" என்று திணறுகிற சிரிப்பு. சீன வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கலைமகளின் திரையை எட்டிப் படித்தார். 'போக்கோ கெலாப்பா பூன் முஃப்லிஸ்' என்று தென்னை மரம் அங்கே மலாயிலும் திவாலாகியிருந்தது. குபீரென்று சிரித்தவர், தன் கட்சிக்காரனின் முகத்தைப் பார்த்ததும் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"போதும்," என்றான் ஆரிஃப். "உங்களுக்கு வேண்டியது கெடச்சிருச்சுல? நிறுத்துங்க."

அவன் கை போனை மூடியிருந்தது. முன்பும் இதே இடத்தில்தான் அவன் நிறுத்தியிருக்கிறான் என்பது சின்னத்தம்பிக்கு அந்தக் கையைப் பார்த்ததுமே புரிந்தது. அத்தா மௌத்தான செய்தியைச் சொல்ல நம்பர் தேடியவன், 'சின்னா' என்ற பெயரைத் திறந்து, இதுவரை கேட்டு, அப்படியே மூடி வைத்திருக்கிறான்.

"மாசம் முழுசும்னு உத்தரவு," என்றாள் தேவிஸ்ரீ மெதுவாக.

"விட்டுடும்மா. எனக்கு லாரி வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார் சின்னத்தம்பி. நிஜமாகவே சொன்னார்.

ஆனால் சீன வக்கீல் உத்தரவை மதிக்கிறவர். கட்சிக்காரனின் கையை மரியாதையாக நகர்த்திவிட்டு அடுத்ததை அழுத்தினார்.

"சிரிக்க வச்சிட்ட போ. கண்ணுல தண்ணி வந்துருச்சு… சின்னா, ஒரு வேல. அந்தப் பய சாமான எல்லாம் பழைய இரும்புக்காரன்ட்ட தள்ளிவிடப் பாக்குறான். நீ லாரியோட கிளேபாங் போ. விடியக்கால சுபுஹு தொழுகைக்கு அவன் போற நேரமாப் பாத்து எல்லாத்தையும் ஏத்திக்க. அவன் கண்ணால பாக்க வேணாம். வித்துட்டேன்னு நான் சொல்லிக்கிறேன், காசையும் நானே குடுத்துக்கிறேன். உன் முத்தத்துல வச்சிரு, விக்காத. அந்தக் கடை போர்டு பத்திரம், அவன் புள்ள வரைஞ்சது. இவனுக்குச் சும்மா ஒக்கார வராது. என்ன மாதிரியே. ஒரு நாள் அவனே வந்து கேப்பான். கேக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. உன் வாய்க்கு அது கஷ்டம்தான், தெரியும். எனக்காக."

அதற்குச் சின்னத்தம்பியின் பதில், அவர் வாழ்நாளில் அனுப்பியதிலேயே சின்னது: "சரி பாய்."

கலைமகள் தட்டுவதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நீலக் கன்வாஸா?" என்றான் ஆரிஃப்.

"ஆமா தம்பி."

"பழைய இரும்புன்னு நான் சத்தியம் பண்ணி…"

"படிச்சேன். சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீ செக்யூரிட்டிதான் கேட்ட. சாமானக் கேக்கலையே."

ஆரிஃப் எழுந்து வெளியே போனான். போனை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, மறுபடி போனான்.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி வந்தார். லாரியை நாலு பக்கமும் சுற்றி, டயரை உதைத்து, கதவைத் திறந்து மூடி, பெருமூச்சு விட்டார். வாங்க வருகிறவர்கள் விடும் அந்தப் பெருமூச்சுக்கே விலையில் பாதி போய்விடும். பேரம் சூடுபிடிக்கும் நேரத்தில் செம்மண் ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. ஆரிஃப் இறங்கினான். பின்னால் அவன் மகள் நூர் ஹிதாயா, வளர்ந்து, போனும் கையுமாக.

"இது எதுக்கு நிக்குது?" என்று லாரியைக் காட்டிக் கேட்டான்.

"விக்க," என்றாள் பெரியநாயகி, சின்னத்தம்பி வாயைத் திறப்பதற்குள். "ஒண்ணுமில்லாதவ கோர்ட்டுல காசு கட்டணும்ல?"

ஆரிஃப் தலையைக் குனிந்துகொண்டு நேரே கொட்டகைப் பக்கம் போனான். சின்னத்தம்பி கயிற்றை அவிழ்த்தார். கன்வாஸை இரண்டு பேருமாக இழுத்தார்கள். உள்ளே இரண்டு பெரிய பிளெண்டர், ஐஸ் நொறுக்கும் மெஷின், ஐஸ்கிரீம் ஃப்ரீசர், அடுக்கிய பிளாஸ்டிக் ஸ்டூல்கள். எல்லாவற்றையும் அவர் பலகை போட்டுத் தரைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார். மோட்டார்களுக்கு அவ்வப்போது எண்ணெயும் விட்டிருந்தார். சுவரோரம் பழைய போர்வை சுற்றிய கடை போர்டு. நூர் ஹிதாயா போர்வையை விலக்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட தேங்காய் ஒன்று எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"ஐயோ அத்தா, இது இன்னும் இருக்கா! செம அசிங்கமா வரைஞ்சிருக்கேன் லா!"

"அசிங்கமா? இந்த முற்றத்துலயே லட்சணமான மூஞ்சி இதுதான்," என்றார் சின்னத்தம்பி. "என்னச் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் சிரித்தாள். ஆரிஃப் ஃப்ரீசரின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துடைத்து, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி," என்றார் சின்னத்தம்பி. "எனக்குத் துக்கம் வந்தாலும் அதே வாய்தான், சந்தோஷம் வந்தாலும் அதே வாய்தான். வேற வாய் குடுக்கல."

"நீங்க சொன்னது இல்ல மாமா." மாமா என்று சொன்னதை அவனே கவனித்ததாகத் தெரியவில்லை. "நீங்க எல்லாரையும்தான் கிண்டல் பண்ணுவீங்க. பெரியநாயகி அத்தையையே விட்டதில்ல. அத்தா சிரிச்சாருல்ல, அதான். எங்கிட்டப் பேசுறப்ப அவரு ஒரு நாள்கூட அப்படிச் சிரிச்சதில்ல. உங்க ஓட்டத்த நிறுத்துனதும் அதுக்குத்தான். ஜோக்குக்கு இல்ல."

சின்னத்தம்பி பிளெண்டரின் ஒயரை எடுத்துச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

முனியாண்டி தூரத்திலிருந்து கனைத்தார். "அண்ணே, வண்டி குடுக்குறீங்களா இல்லையா?"

"இல்ல," என்றான் ஆரிஃப். பிறகு சின்னத்தம்பியைப் பார்த்து, "செக்யூரிட்டி வேணாம்னு லாயர்ட்ட எழுதிக் குடுக்கச் சொல்றேன். கேஸ் கேஸாவே இருக்கட்டும். அஞ்சு வருஷம்னு அத்தா சொன்னாரு, நான் இல்லங்கல. எழுதல, அதையும் இல்லங்கல. ரெண்டு லாயரும் பேசட்டும்," என்றான். "புதன்கிழமை கிள்ளான்ல ஒரு கன்டெய்னர் மீன் எறங்குது. ஒரே ஒரு ஓட்டம். எழுதித்தான் தருவேன்."

"எழுதறப்ப," என்றாள் பெரியநாயகி, "பெரியநாயகிக்குச் சொத்து இருக்குன்னு அதுலயே ஒரு வரி சேத்து எழுது."

"சரி அத்த," என்றான் அவன். முதல் தடவையாக வாய் ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

சாமானை ஏற்றிக்கொண்டு போக அவன் லாரி கொண்டுவரவில்லை. அங்கேயே இருக்கட்டும், ஒரு யோசனை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றான். போர்டை மட்டும் நூர் ஹிதாயா காரின் பின்சீட்டில் படுக்க வைத்து பெல்ட் போட்டாள். கிளம்பும்போது சின்னத்தம்பி கார் ஜன்னலைத் தட்டினார்.

"தம்பி… பாயோட பேச்சு. கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு அனுப்புவியா?"

ஆரிஃப் அங்கேயே, காரில் உட்கார்ந்தபடியே அத்தாவின் போனிலிருந்து அனுப்பினான். சின்னத்தம்பியின் போன் ஒரு தடவை நடுங்கி, 'இடமில்லை' என்றது.

கார் போன பிறகு அவர் லாரியின் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தார். முருகன், பிள்ளையார், மகாலட்சுமி, மறுபடி முருகன். கட்டைவிரல் மேலே நின்றது, இறங்கவில்லை.

"என்ன பண்றீங்க?" பெரியநாயகி காப்பியோடு வந்தாள்.

"அழிக்கணும். கை வரல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "இந்தப் பிள்ளையார் எத்தன தடவ வந்திருக்கு பாருங்க. ஒண்ண வச்சிக்கிட்டு மிச்சத்த அழிங்க, கோவிச்சுக்க மாட்டாரு. இந்த ரோசாப்பூவும் காப்பிக் கப்பும் சாமியே இல்ல, முதல்ல இத அழிங்க. ஐயோ, அந்த மாரியாத்தாள விடுங்க, அது என் தங்கச்சி அனுப்புனது."

"நீ ஜட்ஜா, லாயரா?"

"ரெண்டும்தான். இந்த முருகன அழிங்க, மங்கலா இருக்காரு."

"முருகா, மன்னிச்சுக்கப்பா," என்று முணுமுணுத்தார் சின்னத்தம்பி. "நீ பத்துமலையிலயும் இருக்க, பக்கத்துத் தோட்டத்துலயும் இருக்க. அந்த மனுசன் வேற எங்கயும் இல்ல." கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

காப்பி ஆறுவதற்குள் இடம் வந்துவிட்டது. குரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. முதலில் வந்ததைத் தொட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்… ஓ, சின்னாவா? வணக்கம் வணக்கம். சாப்ட்டியா?"

பதில் சொல்லப் பழக்கத்தில் விரல் மைக்கின் மேல் போயிற்று. விரலை எடுத்துவிட்டு எழுந்து, புதன்கிழமை ஓட்டத்துக்கு முன் குளிர் பிடிக்கிறதா என்று பார்க்க ஃப்ரீசர் லாரியின் கதவைத் திறக்கப் போனார்.